ஐந்தாவது படிதான் வழக்கு

கேள்வி: வியாசர்பாடியில் சின்ன கால்வனைசிங் பட்டறை வைத்திருக்கிறேன். போல்ட், நட், வாஷருக்கு ஜிங்க் டிப் போட்டுத் தரும் ஜாப் வொர்க். காசிமேட்டுப் படகு வேலைக்கும், மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் ஆட்களுக்கும் கொடுக்கிறோம். போன வாரம் ஒரு கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாங்கள் செய்யும் முறைக்கு அவர்கள் பேட்டன்ட் வாங்கியிருக்கிறார்களாம். 2019 மார்ச்சில் விண்ணப்பித்து, எட்டு மாதத்துக்கு முன் கிராண்ட் ஆகியிருக்கிறது. முதல் க்ளெய்மில் (எதற்கு உரிமை என்று பேட்டன்ட்டில் வரையறுக்கும் பத்தி) இருப்பது: ஆசிட்டில் துரு எடுப்பது, ஃப்ளக்ஸ் உப்புக் கரைசலில் முக்குவது, உலர்த்துவது, 0.04 முதல் 0.06 சதவீதம் நிக்கல் கலந்த ஜிங்க்கில் 450–460 டிகிரியில் முக்குவது. கெட்டில் (ஜிங்க் உருக்கும் தொட்டி) உலையின் புகைவாயுவால் 380–410 டிகிரிக்குச் சூடாக்கிய டிரம் உள்ள சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவது. உடனே தண்ணீரில் போடுவது. இதில் என்ன புதுசு? நாங்கள் 2017-லிருந்தே டிரம்மைச் சுற்றி கேஸ் பர்னர் வளையம் வைத்துச் சூடாக்கித்தான் ஓட்டினோம். 2021-ல் கேஸ் செலவு தாங்காமல் உலையின் புகைக் குழாயை டிரம் பக்கம் திருப்பிவிட்டோம். தேடியதில் இரண்டு பழைய வெளிநாட்டு பேட்டன்ட்டுகள் கிடைத்தன. ஒன்று, ஜிங்க்கில் முக்கியெடுத்த போல்ட்டை சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவது பற்றி. இன்னொன்று, ஃப்ளக்ஸ் போட்ட சாமானை உலைப் புகையின் சூட்டில் உலர்த்துவது பற்றி. இது போதாதா? வேலையை நிறுத்த வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்திலேயே உங்களுக்குச் சாதகமான ஒரு தேதியும் பாதகமான ஒரு தேதியும் இருக்கின்றன. 2017 சாதகம், 2021 பாதகம். இரண்டையும் ஒரே மூச்சில் “நாங்கள் எப்போதோ செய்ததுதான்” என்று எழுதி நோட்டீஸுக்குப் பதில் அனுப்பிவிடாதீர்கள். அந்த ஒரு வரி, இன்று அவர்கள் முறையில்தான் ஓட்டுகிறீர்கள் என்ற ஒப்புதலாகவும் படிக்கப்படும்.

கிராண்ட் ஆகிவிட்டது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். பேட்டன்ட் அலுவலகம் பரிசோதித்துக் கொடுத்ததால் மட்டும் அது செல்லும் என்று உத்தரவாதம் ஆகிவிடாது என்று 1970-ம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 13(4) சொல்கிறது. ஆனால் “எல்லோருக்கும் தெரிந்ததுதானே” என்ற உங்கள் வாதம் இப்போதிருக்கும் நிலையில் தோற்கும். ஆறு படியில் ஐந்து பழசு என்று நிரூபித்தாலும் பேட்டன்ட் விழாது. பழைய துண்டுகளைச் சேர்த்துத்தான் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் வருகின்றன. 2019 மார்ச்சுக்கு முன், இந்தத் தொழில் தெரிந்த ஒரு சாதாரண ஆளுக்கு அந்தத் துண்டுகளை இப்படிச் சேர்க்க வேண்டும் என்று ஏன் தோன்றியிருக்கும்? கோர்ட் இதைத்தான் கேட்கும். பதிலைத் தேதி போட்ட காகிதத்தோடு சொல்ல வேண்டும்.

சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ) இதற்கு இரண்டு அளவுகோல் வைக்கிறது. ஏற்கெனவே இருந்த அறிவைவிட ஒரு தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். அந்த அம்சம் துறை தெரிந்தவருக்கு இயல்பாகத் தோன்றிவிடாததாகவும் இருக்க வேண்டும். கேஸ் மிச்சமாகிறது, அதனால் பொருளாதார முக்கியத்துவம் உண்டு என்று எதிர்த்தரப்பு சொல்லும். அது முதல் பாதிக்கு மட்டும் பதில்.

அந்தத் ‘துறை தெரிந்தவர்’ யார் என்பதை முதலில் தீர்மானியுங்கள். கூடையைத் தூக்கி முக்கும் தொழிலாளி அல்ல. உலோகவியல் பேராசிரியரும் அல்ல. ஒரு கால்வனைசிங் பிளான்ட்டைப் பொறுப்பாக நடத்தும், ஜிங்க் ஏன் உறைகிறது, டிராஸ் (ஜிங்க் கசடு) ஏன் சேர்கிறது என்று தெரிந்த, ஆனால் புதிதாக எதையும் கண்டுபிடிக்கும் ஆர்வமில்லாத மேற்பார்வையாளர். 1978-ல் பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில், பாத்திரம் கடையும்போது அதைப் பிடித்து நிறுத்தும் முறைக்கு வாங்கிய பேட்டன்ட்டை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வெறும் பட்டறைத் திருத்தம் கண்டுபிடிப்பாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பழைய ஆவணத்தை அப்படிப்பட்ட ஒரு திறமையான ஆளிடம் கொடுத்தால், இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி எதுவும் தெரியாமலே, “எனக்கு வேண்டியது இதிலேயே இருக்கிறது” என்று அவர் சொல்லியிருப்பாரா என்பதே சோதனை. 2015-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரோஷ் – சிப்லா வழக்கில் இதையே ஐந்து கட்டமாகப் பிரித்தது: ஆள் யார், கண்டுபிடிப்பின் கரு என்ன, அன்றைக்கு அந்த ஆளுக்கு இருந்த பொது அறிவு என்ன, பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன, அந்த வித்தியாசம் அவருக்குத் தோன்றியிருக்குமா. கடைசிக் கட்டத்தில், விடை தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்து “சுலபம்தானே” என்று சொல்லக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. உங்கள் கடிதம் முழுக்க அந்தத் தவறுதான் இருக்கிறது. கோபம் நியாயம், வாதம் அல்ல.

இனி க்ளெய்மைத் துண்டு போடுவோம். ஒரு பெரிய தாளில் இடது பக்கம் க்ளெய்மின் ஒவ்வொரு படியையும் அவர்கள் எழுதிய வார்த்தையிலேயே எழுதுங்கள். பக்கத்தில் ஒவ்வொரு பழைய ஆவணத்துக்கும் ஒரு கட்டம். அந்தப் படி எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கட்டத்தில் குறியுங்கள். “இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் பயனில்லை.

ஆசிட், ஃப்ளக்ஸ், உலர்த்தல், தண்ணீர் ஆகிய நான்கிலும் நேரம் செலவிட வேண்டாம். இந்தியத் தர ஆவணங்களான ஐஎஸ் 2629 (1985), ஐஎஸ் 1367 பகுதி 13 (1983), ஐஎஸ் 5358 (1969) ஆகியவற்றை எடுத்து வைத்துப் படித்து, இருக்கும் வரிகளைக் கட்டத்தில் போடுங்கள். விண்ணப்பத்துக்குப் பல பத்தாண்டு முன்பு அச்சானவை. தேதியைப் பற்றி யாரும் வாதாட முடியாது.

நிக்கல் அளவைப் பார்த்துத்தான் பலர் மிரள்வார்கள், இரண்டு தசம எண் இருப்பதால். மிரளத் தேவையில்லை. எஃகில் சிலிக்கான் ஏறக்குறைய 0.03 முதல் 0.12 சதவீதம் வரை இருந்தால் ஜிங்க்-இரும்புக் கலவைப் படலம் கட்டுக்கடங்காமல் வளர்ந்து, சாமான் சாம்பல் நிறமாகி, பூச்சு தடித்து உதிரும். சாண்டலின் விளைவு என்று தொழிலில் சொல்வது இதைத்தான், 1940-களிலிருந்தே அறியப்பட்டது. அதை அடக்கத்தான் நிக்கல். அளவு குறைந்தால் அடங்காது. சுமார் 0.06-ஐத் தாண்டினால் 450 டிகிரி ஜிங்க்கில் நிக்கல் கரைந்து நிற்காமல் டிராஸாகப் பிரிந்து சாமானில் ஒட்டும், ஜிங்க்கும் வீணாகும். ஆக, 0.04–0.06 என்பது வேலை செய்யும் ஜன்னல். அதைத் தேர்ந்தெடுத்ததில் யாருடைய மூளையும் கசங்கவில்லை. 450–460 டிகிரியும் அப்படித்தான்: 419.5-ல் ஜிங்க் உறையும். 480-க்கு மேல் போனால் எஃகுக் கெட்டிலையே ஜிங்க் வேகமாகத் தின்ன ஆரம்பிக்கும்.

மீதி ஐந்தாவது படி: சூடாக்கிய டிரம்மில் சுற்றுவது. வழக்கே இதுதான்.

சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவது எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: மரையில் தேங்கிய ஜிங்க்கை உதறிவிடாவிட்டால் நட் ஏறாது. 455-ல் வெளியே வரும் கூடைக்கும் 419.5-க்கும் இடையில் 35 டிகிரிதான் அவகாசம். எம்24 (24 மி.மீ. விட்டம்) போல்ட் தன் எடையால் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். எம்6, எம்8 சில நொடியில் இழந்துவிடும். குளிர்ந்த டிரம்மில் இறக்கினால் சுற்ற ஆரம்பிக்கும் முன்பே மரை அடைத்துவிடும். பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்தது, காரணமும் தெரிந்தது. டிரம்மைச் சூடாக வை என்பது அந்தக் காரணத்திலிருந்து நேராக இறங்கும் விடை. இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் உங்கள் கையிலிருக்கும் இரண்டு ஆவணங்களும் இந்த இடத்தில் ஒட்டவில்லை. முதலாவதில் சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறது, சூடாக்கிய டிரம் இருக்கிறதா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. இரண்டாவதில் புகைவாயுச் சூடு இருக்கிறது, ஆனால் அது உலர்த்துவதற்கு. ஈரத்தோடு முக்கினால் ஜிங்க் தெறிக்கும் என்பது அங்கே பிரச்சினை. மரை அடைப்பது அல்ல. “வேறு பிரச்சினைக்கான வேறு படி, இதை அதோடு சேர்க்க யார் சொன்னது?” என்று எதிர்த்தரப்பு கேட்டால் இப்போதைக்கு உங்களிடம் பதில் இல்லை.

பதில் 2017-ல் இருக்கிறது. பர்னர் வளையத்தால் டிரம்மைச் சூடாக்கி ஓட்டியது 2019-க்கு முன் இந்தியாவில் பொதுவாகப் பயன்பாட்டில் இருந்தது என்று காட்ட முடிந்தால், க்ளெய்முக்கும் பழையதற்கும் இடையில் மிஞ்சுவது ஒரே வித்தியாசம்: சூடு எங்கிருந்து வருகிறது என்பது. கேஸுக்குப் பதில் புகைவாயு. கெட்டில் 450-ல் நிற்க வேண்டுமென்றால் அதைச் சுற்றி ஓடும் வாயு அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். அந்தச் சூடு புகைபோக்கி வழியாகச் சும்மா போகிறது. அதே தொழிற்கூடத்தில் அதே சூட்டை இன்னொரு வேலைக்குத் திருப்பலாம் என்று உங்கள் இரண்டாவது ஆவணம் ஏற்கெனவே சொல்கிறது. கேஸ் பில் பார்த்த எந்த மேற்பார்வையாளருக்கும் அடுத்த யோசனை அதுவாகத்தான் இருக்கும். தனியாக வைத்தால் பலவீனமான ஆவணம், 2017-ஐப் பக்கத்தில் வைத்ததும் கூர்மையாகிவிடுகிறது.

ஆனால் அந்த 2017 ‘பொதுவாக’, அதாவது வெளியாருக்குத் தெரியும்படி, இருந்ததா? பிரிவு 64(1)(எஃப்), இந்தியாவில் பொதுவாக அறியப்பட்டது அல்லது பொதுவாகப் பயன்படுத்தப்பட்டது, எந்த நாட்டிலாவது பிரசுரமானது ஆகியவற்றை வைத்துத்தான் இதை எடைபோடச் சொல்கிறது. உங்கள் ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டியது கணக்கில் வராமல் போகலாம். மறுபக்கம், பொதுவாக அறியப்பட்டது என்றால் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பொருளையோ முறையையோ கையாளும் விஞ்ஞானிகளுக்கோ வியாபாரிகளுக்கோ பயனாளர்களுக்கோ தெரிந்திருந்தால் போதும் என்று 1986-ல் மான்சாண்டோ – கோரமண்டல் இண்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே தேட வேண்டியவை இவை: பர்னர் வளையத்தைச் செய்து கொடுத்த ஃபேப்ரிகேட்டரின் 2017 பில், அதே ஆள் வேறு பட்டறைகளுக்கும் செய்து கொடுத்தாரா என்பது (இது கிடைத்தால் வழக்கு பாதி முடிந்தது), கஸ்டமரின் இன்ஸ்பெக்டர்கள் வந்து நின்று பார்த்த வருகைப் பதிவு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ வேறு துறைக்கோ கொடுத்த லேஅவுட் வரைபடத்தில் அந்த பர்னர் காட்டப்பட்டிருக்கிறதா என்பது, அந்தக் கால டெலிவரி சலான்கள், போனில் எடுத்த படங்கள். படங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் வேறு போனுக்கு ஃபார்வர்டு செய்து அசலை அழித்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் வேண்டும். அசல் கருவி கையில் இருந்தால் அது சிக்கலில்லாமல் முடியும். மச்சானும் மகனும் கொடுக்கும் அபிடவிட்டைவிட ஃபேப்ரிகேட்டரின் ஒரு பழைய பில்லுக்கு மதிப்பு அதிகம்.

ரகசியமாகப் பயன்படுத்தியதும் பேட்டன்ட்டை ரத்து செய்யக் காரணம் என்று பிரிவு 64(1)(எல்)-ஐ யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அது க்ளெய்மில் இருக்கும் கண்டுபிடிப்பையே பயன்படுத்தியிருந்தால்தான். நீங்கள் 2017-ல் ஓட்டியது கேஸ், க்ளெய்ம் புகைவாயு. அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. முன்பே செய்துகொண்டிருந்தவர் தொடர்ந்து செய்யலாம் என்ற பொதுவான பாதுகாப்பும் நம் சட்டத்தில் இல்லை. சில வெளிநாடுகளில் உண்டு. அதைப் படித்துவிட்டு நம்பி இருக்க வேண்டாம்.

இப்போது எதிர்த்தரப்பின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அவர்களுடைய பலமான இடம் 380–410 என்ற எண். உறைநிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்தியிருக்கிறார்கள். டிரம் 420-க்கு மேல் போனால் உதறிய ஜிங்க் சுவரில் திரவமாகவே ஓடி மறுபடி கூடையில் தெறிக்கும். ரொம்பக் குறைந்தால் போல்ட் குளிரும். நடுவில் வைத்தால் சுவரில் பட்டதும் ஜிங்க் உறைந்து தகடாகப் பெயர்ந்துவிடும், மரை மட்டும் சூடாக இருக்கும். இதைச் சோதனை எண்களோடு பேட்டன்ட்டின் விவரக்குறிப்பில் காட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள்: 340, 380, 410, 440 என்று ஓட்டிப் பார்த்து, எத்தனை போல்ட்டில் மரை அளக்கும் கேஜ் ஏறியது, பூச்சு எத்தனை மைக்ரான் என்று ஒரு அட்டவணை. அப்படி இருந்து, வரம்புக்கு உள்ளேயும் வெளியேயும் எதிர்பாராத தாவல் தெரிந்தால், என் கணிப்பில் பேட்டன்ட் தப்பிக்க வாய்ப்பு கணிசம். வெறும் “380–410, சிறப்பாக 395” என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் அது வழக்கமான சோதித்துப் பார்த்தலில் கிடைக்கும் எண்.

அவர்களுடைய இரண்டாவது வாதம், பழைய நூல்கள் இதற்கு எதிர்த்திசையில் காட்டின என்பதாக இருக்கும். முக்கியெடுத்த சாமானைச் சூடாகவே வைத்திருந்தால் கலவைப் படலம் வளர்ந்துகொண்டே போய் மேலே இருக்கும் தூய ஜிங்க்கைத் தின்றுவிடும். அதை நிறுத்தத்தான் தண்ணீரில் போடுகிறோம். “சூட்டை நீட்டிக்காதே என்று தொழில் சொன்னது, நாங்கள் நீட்டித்தோம்” என்பார்கள். பதில் இருக்கிறது: சுற்றும் சில நொடிகளுக்கும் குவியலாகக் குவித்து ஆறவிடும் நிமிடங்களுக்கும் வித்தியாசம் உண்டு. இதை வெறும் வாயால் சொல்லாமல், உங்கள் பழைய சாமானின் பூச்சுத் தடிமன் ரிப்போர்ட்டோடு சொல்லுங்கள். போல்ட் பூச்சுக்கான ஐஎஸ்ஓ 10684 ஓரிடத்தில் குறைந்தது 40, தொகுதிச் சராசரி 50 மைக்ரான் கேட்கிறது. 2017–18 ரிப்போர்ட்டில் அது வந்திருந்தால், சூடான டிரம் பூச்சைக் கெடுக்காது என்பது அன்றே தெரிந்திருந்தது.

நீங்கள் இன்னும் செய்யாத ஒரு வேலை, செலவே இல்லாதது. இந்திய பேட்டன்ட் அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளத்தில் அந்த விண்ணப்ப எண்ணைப் போட்டு, முதல் பரிசோதனை அறிக்கையையும் அதற்கு அவர்கள் கொடுத்த பதிலையும் எடுங்கள். ‘கெட்டில் உலையின் புகைவாயுவால்’ என்ற சொற்கள் முதலில் தாக்கல் செய்த க்ளெய்மில் இருந்தனவா, பரிசோதகர் ஏதோ ஒரு பழைய ஆவணத்தைக் காட்டிய பிறகு சேர்க்கப்பட்டனவா? பின்னால் சேர்த்திருந்தால், சூடாக்கிய டிரம் மட்டும் புதிதல்ல என்பதை அவர்களே ஏற்றுக்கொண்ட மாதிரிதான். பரிசோதகர் காட்டிய அந்த ஆவணம் உங்கள் இரண்டு பேட்டன்ட்டையும்விடப் பலமானதாக இருக்கவும் கூடும். மேற்கொண்டு தேட, எஸ்பாஸ்நெட் என்ற ஐரோப்பிய பேட்டன்ட் தேடுதளத்தில் வெறும் சொற்களால் தேடாமல் சி23சி 2/14 என்ற வகைப்பாட்டைப் போட்டு, 2019 மார்ச்சுக்கு முன் பிரசுரமானவை என்று வடிகட்டுங்கள். உருகிய பூச்சில் அதிகப்படியானதை அகற்றும் முறைகள் அந்த இலக்கத்தில்தான் வரும். எதிலும் நீங்கள் பார்க்க வேண்டியது பிரசுரத் தேதியை.

துணை க்ளெய்ம்களையும் விடாதீர்கள். முதல் க்ளெய்ம் விழுந்தாலும், அதைச் சுருக்கி எழுதிய நான்காவதோ ஐந்தாவதோ நின்றுவிடலாம். நின்றது வரைக்கும் பிரிவு 114-ன் கீழ் நிவாரணம் கேட்க முடியும்.

எந்த வழியில் எதிர்ப்பது? கிராண்ட் பிரசுரமான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள், நோட்டீஸ் வாங்கிய நீங்கள் பிரிவு 25(2)-ன் கீழ், படிவம் 7-ல் எதிர்ப்பு தாக்கல் செய்யலாம். எட்டு மாதம் போய்விட்டது, நான்கு மாதம்தான் இருக்கிறது. அதோடு ஆதாரங்களையும் வைக்க வேண்டும். இல்லையென்றால் பிரிவு 64-ன் கீழ் ரத்து மனு. 2021-ல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு அது உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகிறது. அவர்கள் வழக்குப் போட்டால் அதிலேயே எதிர்க்கோரிக்கையாகவும் வைக்கலாம். கீழ்க்கோர்ட்டில் போட்டிருந்தாலும் எதிர்க்கோரிக்கை வைத்ததும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். சென்னையில் அதற்கென அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு 2023 முதல் இயங்குகிறது. எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் போக முடியாது: 2014-ல் அலாய்ஸ் வொபன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 25(2) எதிர்ப்பைத் தேர்ந்தெடுத்தவர் ரத்து மனுவுக்கோ எதிர்க்கோரிக்கைக்கோ போக முடியாது என்றது. உங்கள் வழக்கு காகிதத்தைவிட சாட்சிகளை நம்பி நிற்கிறது; ஃபேப்ரிகேட்டரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையில் நிற்க வைப்பது பலம். அதனால் கிண்டி பேட்டன்ட் அலுவலகத்தைவிட பாரிமுனை உயர் நீதிமன்றம்தான் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். பழைய பில் எதுவும் கிடைக்காமல், பரிசோதனைக் கோப்பில் பலமான ஆவணம் கிடைத்தால் கணக்கு மாறும்.

வேலையை நிறுத்த வேண்டாம். புகைக் குழாயை மட்டும் நிறுத்துங்கள். டிரம்மை மறுபடி கேஸ் வளையத்துக்கு மாற்றினால் க்ளெய்மின் சொல்லுக்கு வெளியே வந்துவிடுகிறீர்கள். ‘சாரம் ஒன்றுதான்’ என்று அவர்கள் வாதிடலாம், ஆனால் கேஸ் டிரம் அவர்களுக்கும் முந்தியது என்பதால் அந்த வாதத்தை இழுத்தால் அவர்கள் பேட்டன்ட்டுக்கே ஆபத்து. மாற்றும் முன் இப்போதைய டிரம் சுவரின் வெப்பத்தை கே வகைத் தெர்மோகப்பிள் வைத்து, வக்கீல் சொல்லும் முறையில் அளந்து பதிவு செய்யுங்கள். 380-ஐத் தொடவே இல்லையென்றால் கடந்த காலத்துக்கும் நீங்கள் மீறவில்லை என்ற வாதம் கிடைக்கும். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து ‘தெரியாது’ என்ற பிரிவு 111 பாதுகாப்பு போய்விட்டது. இந்த மாற்றத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

பதில் நோட்டீஸ் சுருக்கமாக இருக்கட்டும்: மீறலை மறுக்கிறோம், பேட்டன்ட்டின் செல்லுபடியை ஏற்கவில்லை, எந்தச் சாமானை வைத்து எந்தப் படியை நாங்கள் செய்வதாகச் சொல்கிறீர்கள் என்று விவரம் கொடுங்கள். 2017 என்ற எண் அதில் வரக் கூடாது. அது பில்களோடு சேர்ந்து, வக்கீல் தேர்ந்தெடுக்கும் நாளில்தான் வெளியே வர வேண்டும்.